கைகாட்டி ஏறியவரின் கிறுகிறுப்பு

காலையில் சிவனணைந்தபெருமாள் எழுந்திருக்கிற விதத்தைப் பார்த்தால், பக்கத்தில் கைக்குழந்தை ஒன்று தூங்குகிறது, அது முழித்துவிடக் கூடாது என்று பயப்படுகிறாரோ எனத் தோன்றும். அந்த வீட்டில் கைக்குழந்தை கிடையாது. கண் விழித்ததும் அவர் அசையமாட்டார். மல்லாந்தபடியே வலது கையை நீட்டிக் கட்டில் கயிற்றுக்குள் விரல்களை நுழைத்துக்கொள்வார். இடது பக்கத்துச் சுவரில் சட்டை மாட்டுகிற ஆணி ஒன்று உண்டு. கருவிழியை மட்டும் நகர்த்தி அதைத் தேடுவார். ஆணி நின்ற இடத்தில் நிற்கிறது என்று உறுதியான பிறகு, தலையும் தோளும் இடுப்பும் ஒரே பலகையாக இடது பக்கம் புரளுவார். கால்களைத் தரைக்கு இறக்கி, முழங்கையை ஊன்றி, தளும்பத் தளும்ப நிறைந்த குடத்தைத் தூக்குகிறாற்போல் தலையைத் தூக்குவார். உட்கார்ந்ததும் மறுபடி ஆணி. அது நின்றால் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டுவார். ஓடினால் கண்ணை மூடி, பல்லைக் கடித்து, வீடு நிற்கும்வரை காத்திருப்பார்.

"இன்னைக்கு எந்தப் பக்கமா ஓடுது?" என்று அடுப்படியிலிருந்தே கேட்பாள் அவர் மனைவி முத்துவடிவு.

"ஒரு பக்கமும் ஓடல. ஒன் சோலியப் பாரு."

"அப்பம் எதுக்குக் கயித்தப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கிய? கட்டில் பறந்தா போயிரும்?"

பறந்துவிடும் என்றுதான் அவர் நம்பினார். அதை அவளிடம் சொல்வதற்கில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. தென்காசி ரயில் நிலையத்தில் அவருக்கு விளக்குக்காரர் வேலை. பொழுது சாய்கிற நேரத்தில் லாம்பு ரூமில் மண்ணெண்ணெய் ஊற்றி, திரி நறுக்கி, விளக்குகளை ஏற்றிக் கையில் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தோரமாக நடப்பார். வண்டிக்குச் சிக்னல் காட்டுகிற கைகாட்டி மரத்தின் இரும்பு ஏணியில் ஏறி, சிவப்புக் கண்ணாடிக்கும் பச்சைக் கண்ணாடிக்கும் பின்னால் விளக்கை மாட்டுவார். விடிந்ததும் ஏறி இறக்குவார். மழையானாலும் காற்றானாலும் ஏறியாக வேண்டும். கைகாட்டியில் வெளிச்சம் இல்லையென்றால் செங்கோட்டை மலையைக் குடைந்துகொண்டு வருகிற வண்டி இருட்டுக்குள் நின்று கூவும். கூவினால் டேசன் மாஸ்டர் வெளியே வருவார். அவர் வெளியே வந்தால் விளக்குக்காரருக்கு வேலை இல்லை. கம்பம் ஏறத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதியில் கிடைத்த வேலை. வயலும் கிடையாது, தோப்பும் கிடையாது.

சித்திரையில் ஒருநாள் ஏணியில் வழிந்திருந்த எண்ணெயில் கால் வழுக்கி, வலது காதுக்கு மேலே இரும்புப் படி மடேரென்று அடித்தது. விழவில்லை, தொங்கிச் சமாளித்து இறங்கிவிட்டார். மஞ்சள் பற்றுப் போட்டதில் வீக்கம் வடிந்தது. நிலைப்படியில் இடித்துக்கொண்டதாக வீட்டில் சொன்னார். அதோடு அது போயிற்று என்றுதான் நினைத்தார்.

வைகாசி பிறந்த பிறகு ஒரு விடியலில் வலது பக்கம் புரண்டு படுத்தார். ஒரு மூச்சு விடுகிற நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் கூரை கழன்றது. ஓடுகளும் கைமரமும் உத்தரமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. கட்டில் ஒரு பக்கமாகச் சரிந்து அவரைக் கொட்டப் பார்த்தது. ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டு மெல்லுகிற நேரம்தான் இருக்கும். பிறகு எல்லாம் அதனதன் இடத்துக்குத் திரும்பி, ஒன்றுமே நடக்காதது போல நின்றன. அவர் மட்டும் தரையில் குத்தவைத்துப் பித்தநீராகக் கக்கிக்கொண்டிருந்தார்.

அன்று முதல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சும்மா உட்கார்ந்தாலும் கால் விரல் தரையைச் சுரண்டும். நடக்கும்போது சுவர்ப்பக்கமாக நடப்பார். குனிந்து செருப்பு மாட்ட யோசிப்பார். அண்ணாந்து பார்ப்பதை விட்டே விட்டார். நிலாவைப் பார்க்கவில்லை, மழை வருமா என்றுகூடத் தரையில் விழுகிற நிழலை வைத்தே கணக்குப் பண்ணினார்.

ஆனால் கைகாட்டி மரத்தில் அண்ணாந்து பார்க்காமல் ஏற முடியுமா?

வேலையில் முதல் தடவை அது வந்தபோது கம்பத்தின் உச்சியில் இருந்தார். விளக்கை மாட்டக் கையை உயர்த்தி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வலப்பக்கம் திரும்பினார். மேற்கே மலை இருக்கிறதே, அது பெயர்ந்து ஓடிவந்தது. விளக்கைப் பல்லால் கடித்துக்கொண்டாரா, கையில் பிடித்திருந்தாரா என்பதுகூடப் பிறகு நினைவில்லை. இரண்டு கையாலும் கம்பத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை இரும்பில் ஒட்டிக்கொண்டு நின்றார்.

கீழே, தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ் வேலை பார்க்கிற ஏசுதாசன் நின்றுகொண்டிருந்தான். நாசரேத்துப் பக்கத்துக்காரன், வாய் ஓயாதவன்.

"என்ன அண்ணாச்சி, கம்பத்த இந்தக் கொஞ்சு கொஞ்சுதிய? மதினி பாத்தா கோவிச்சுக்கிடப் போறாவ!"

மேலிருந்து ஏதோ சொட்டியது. எண்ணெய் என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தான். எண்ணெய் இல்லை, பித்தநீர். அவன் சிரிப்பு நின்றது. ஏணியில் பாதி ஏறி, அவருடைய கணுக்காலைப் பிடித்துக்கொண்டான்.

"ஒவ்வொரு காலா வையுங்க. நான் பிடிச்சிருக்கேன். கீழயும் பாக்காதிய, மேலயும் பாக்காதிய. என் மொகரையப் பாத்தா இன்னும் மோசமாச் சுத்தும், அதையும் பாக்காதிய."

இறங்கி மண்ணில் உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "யாரும் பாத்தாவளாலே?"

"ஆண்டவர் பாத்தாரு. அவரு டேசன் மாஸ்டர்ட்ட சொல்லமாட்டாரு."

அதற்குப் பிறகு முடியாத நாட்களில் ஏசுதாசனே கைகாட்டி ஏறினான். அது அவன் வேலை இல்லை. கண்டுபிடித்தால் இரண்டு பேருக்கும் சீட்டுக் கிழியும். இவர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்ப்பார். தலையைத் திருப்பாமல் உடம்பையே திருப்பிப் பார்ப்பார். அப்படி ஒருநாள் உடம்பைத் திருப்பியபோது தடுமாறினதை டேசன் மாஸ்டர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். கூப்பிட்டு, கிட்டே வரச் சொல்லி, வாயை ஊதச் சொன்னார். கள்ளு வாடை இல்லை. ஆனாலும் அவர் முகத்தில் சந்தேகம் தெளியவில்லை.

"ஆவணி கடைசியில இன்ஸ்பெக்டர் வர்றார். விளக்கு ஏத்துறதிலிருந்து மாட்டுறது வரைக்கும் பக்கத்துல நின்னு பார்ப்பார். ஒழுங்கா இரு" என்று மட்டும் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் பார்க்கும்போது ஏசுதாசன் ஏற முடியாது. அன்றைக்குச் சிவனணைந்தபெருமாள்தான் ஏற வேண்டும். ஏற முடிந்தால் வேலை இருக்கும். முடியாவிட்டால் இல்லை. மேலே இருக்கும்போது அது வந்தால், வேலையைப் பற்றிக் கவலைப்பட ஆளே இருக்கமாட்டார்.

முத்துவடிவு தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள். பித்தம் என்றாள். கொத்தமல்லியும் சீரகமும் வறுத்து இடித்துக் கஷாயம் போட்டாள். எலுமிச்சை ஊறுகாயை நாக்கில் தடவினாள். இரத்தம் சுண்டிப்போச்சு என்று முருங்கைக்கீரையாகப் போட்டு அவரை ஆடு மாதிரி ஆக்கினாள். ஆனி மாதம் சாரல் விழுந்து குற்றாலத்தில் தண்ணீர் கொட்டத் தொடங்கியதும், "இனிம யோசனையே இல்ல. தலைல தண்ணி விழுந்தா பித்தம் எறங்கீரும்" என்று அவரை இழுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

மெயினருவியில் சீசன் கூட்டம். எண்ணெய் தேய்க்கிறவன் அவரைக் கல்லில் உட்காரவைத்து, சப்சப்பென்று அடித்துத் தேய்த்துவிட்டான். முத்துவடிவு பெண்கள் பக்கம் போய்விட்டாள். இவர் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீருக்குள் நுழைந்தார். முதலில் சுகமாகத்தான் இருந்தது. முதுகில் ஆயிரம் கை. கூட்டம் நெருக்கியதில் இடம் மாறி நின்றார். தண்ணீர் வலது காதுக்குள் நேராக இறங்கியது.

அருவி படுத்துக்கொண்டது. பாறை எழுந்து நின்றது. அவர் கையை வீசியதில் அகப்பட்டதைப் பிடித்தார். எண்ணெய் வழுக்குகிற பெரிய தொப்பை ஒன்று.

"ஓய்! விடும்வே! என்னத்தப் பிடிச்சிருக்கீருன்னு தெரியுதா?"

தொப்பைக்காரர் திட்டிக்கொண்டே அவரைக் கரைக்கு இழுத்து வந்தார். திட்டு பாதியில் நின்றது. அவர் சிவனணைந்தபெருமாளின் தாடையைப் பிடித்து நிமிர்த்திக் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தார்.

"அசையாம இரும். கண்ணு ஓடுதுவே உமக்கு. ஊசல் மாதிரி இழுத்து இழுத்து ஓடுது. எத்தன நாளா இப்படி?"

அவர் பெயர் ஒலி முகம்மது. கடையநல்லூர்க்காரர், ரங்கூனில் ஆஸ்பத்திரி உத்தியோகம் பார்க்கிற டாக்டர், லீவில் குளிக்க வந்தவர். இடுப்பில் நனைந்த துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய். அந்தக் கோலத்திலேயே வைத்தியம் தொடங்கிற்று.

"கண்ணு இருட்டிக்கிட்டு வருதா, இல்ல உலகம் சுத்துதா? ரெண்டும் வேற வேற."

"சுத்துது சாமி. கூரையே ஓடுது."

"எப்பவுமா?"

"படுத்துப் பொரளும்போது. அண்ணாந்தா. வலது பக்கம்னா கேக்கவே வேண்டாம்."

"காது கேக்குதா? இரைச்சல் உண்டா? மலேரியாவுக்குக் கொய்னா கிய்னா முழுங்கினீரா?"

எல்லாவற்றுக்கும் இல்லை என்று வந்தது. தலையில் அடி ஏதும் பட்டதா என்று கேட்டார். சிவனணைந்தபெருமாள் அதற்கும் இல்லை என்றார். அடி என்று சொன்னால் எங்கே என்பார், எங்கே என்றால் கைகாட்டி என்று சொல்ல வேண்டியிருக்கும்.

"இது பித்தமும் இல்ல, பேயும் இல்ல. காது" என்றார் டாக்டர். "தண்டவாளம் போடுதவன் ரசமட்டம் வச்சுப் பாப்பான்லா, பாத்திருக்கீரா? குழாய்க்குள்ள நீரு, அதுல ஒரு குமிழி. அந்த மாதிரி ரெண்டு காதுக்குள்ளயும் உண்டு. வளையம் வளையமா மூணு குழாய், உள்ள நீரு. தலைய அசைச்சா அந்த நீரு அசைஞ்சு மூளைக்குச் சேதி சொல்லும். ரெண்டு காதும் ஒத்துச் சொன்னா நேரா நிப்பீரு. ஒண்ணு பொய் சொல்லுச்சுன்னு வையும், மூளைக்கு எதை நம்பன்னு தெரியாது. உலகம் சுத்தும்."

"அருவித் தண்ணி பட்டதும் சுத்துச்சே?"

"நல்ல மனுசன் காதுக்குள்ள பச்சத்தண்ணிய விட்டாலே சுத்தும். ஒரு காது மட்டும் குளுந்து போவுதுலா? உம்ம காது ஏற்கெனவே பொய்க்காது. அதுக்கு மேல அருவியக் கொண்டுபோய் ஊத்தினா?"

"என்ன கோளாறு அதுல?"

"அங்கன சுண்ணாம்புப் பொடி மாதிரித் துகள் உண்டு. அது எடம் மாறிக் கெடந்தா இப்படி வரும்னு சில பேரு நெனைக்காங்க. நிச்சயமாத் தெரியாது. காதத் தொறந்து பாக்கவா முடியும்?"

"மருந்து?"

"வாந்திக்குத் தாரேன். சுத்துக்கு என்கிட்ட மருந்து இல்ல. சில பேருக்கு மாசக்கணக்குல கெடந்து தானாப் போவும், திரும்பவும் வரும். அது வரைக்கும் ஏணி, கெணத்து விளிம்பு, மரம், ஒண்ணும் ஆவாது. என்ன சோலி பாக்கீரு?"

"மளிகைக் கடைல பொட்டலம் மடிக்கேன்."

"நல்லதாப் போச்சு. இல்லன்னா எழுதிக் குடுத்து வேலைய விட்டு நிறுத்தணும்."

தலையைத் துவட்டியபடி வந்து நின்ற முத்துவடிவு இதைக் கேட்டாள். திரும்பிவரும் வழியில் இலஞ்சித் தோப்புகளைத் தாண்டினார்கள். பிறகு, "பொட்டலம் மடிக்கத் தெரியுமா ஒங்களுக்கு?" என்று கேட்டாள். அவர் தரையைப் பார்த்தே நடந்தார். "தெரியாதுன்னா படிச்சுக்கிடுங்க" என்றாள்.

கடைவீதியில் யார் வேலை கொடுப்பார்கள்? கேட்டுத்தான் பார்த்தார். பாதி வயசுக்கு மேல் ஆன ஒரு ஆளைப் பொட்டலம் மடிக்க எவரும் வைத்துக்கொள்ளவில்லை. ஆடியும் போனது. ஏசுதாசன் ஏறினான், இவர் ஏணியைப் பிடித்தார், சாரல் இருவரையும் நனைத்தது.

ஆவணியில் அவர்கள் குடும்பக் கோயிலில் சுடலைமாடனுக்குக் கொடைத் திருவிழா. இலஞ்சிக்கு வெளியே, வயற்காட்டு ஓரத்தில் பீடம். மாடன் இறங்கி ஆடுவதற்கு ஆள் இல்லாமல் இரண்டு கொடை கழிந்திருந்தது. ஆடிக்கொண்டிருந்த பெரியப்பா இறந்த பிறகு சாமி யார்மேலும் வரவில்லை. பெரியப்பா மகன் சுந்தரபாண்டியன், அப்பா இடுப்பில் கட்டி ஆடிய மணிச் சல்லடத்தையும் வல்லயம் என்கிற ஈட்டியையும் எண்ணெய் போட்டு வைத்துக்கொண்டு, என்மேல் வரும், என்மேல் வரும் என்று காத்திருந்தார். மகுடம் என்கிற பறையை அடிக்கிறவர்கள் தோல் கிழிய அடித்துப் பார்த்தும் வரவில்லை.

பந்தலுக்குக் கால் நாட்டுகிற அன்று எல்லாரும் கூடியிருந்தார்கள். மாவிலை கட்டிய நெடுங்காலைத் தூக்கி நிறுத்தினார்கள். "நேரா இருக்கா பாருங்க" என்று யாரோ கத்தினார்கள். கம்பம் நேராக இருக்கிறதா என்று பார்த்தே பழகிப்போன மனுஷன். சிவனணைந்தபெருமாள் யோசிக்காமல் அண்ணாந்துவிட்டார்.

மாவிலை வானத்தைக் கலக்கிற்று. அவர் இரண்டடி பின்வாங்கி, ஒருக்களித்து ஓடி, கம்பத்தைக் கட்டிக்கொண்டு முழங்காலில் விழுந்தார். உடம்பு நடுங்கிற்று. வியர்வை கொட்டிற்று. வாயிலிருந்து பித்தநீர் ஒழுகிற்று. கண் இழுத்து இழுத்து ஓடிற்று. கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குலவை எழும்பிற்று. அப்புறம் பத்துப் பெண்கள்.

"மாடன் வந்துட்டான்!"

"கண்ணப் பாருங்க, கண்ணப் பாருங்க! மனுசக் கண்ணா அது?"

"சாமி வந்தா வாந்தியாலே எடுக்கும்?" என்றார் சுந்தரபாண்டியன், முகம் கறுத்துப்போய்.

"ஒம்ம மேல அதுகூட வரலையே அண்ணாச்சி" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. கிழவர் ஒருவர் சிவனணைந்தபெருமாளின் நெற்றி நிறையத் திருநீறு பூசினார்.

இல்லை, இது காது என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்தார். வாயை மூடிக்கொண்டார்.

மறுநாளே அதன் பலன் தெரிந்தது. பிளாட்பாரத்தில் தடுமாறியபோது போர்ட்டர்கள் சிரிக்கவில்லை, ஒதுங்கிக் கும்பிட்டார்கள். டேசன் மாஸ்டர்கூட, "ஓ, சாமி சமாசாரமா? முன்னமே சொல்லப்படாதா?" என்று குரலைத் தாழ்த்தினார். குடிகாரன் என்ற பேர் போய்விட்டது. ஆனால் அமைதியும் போய்விட்டது. ஒவ்வொரு தடவை வீடு சுற்றும்போதும், அந்தச் சுற்றலின் நடுவில் யாராவது இருக்கிறார்களா என்று அவர் பார்த்தார். மாடா, நீதானா? கூரை மட்டும் ஓடியது.

"நான் ஏமாத்துதேன்லே" என்றார் ஏசுதாசனிடம்.

"நீங்க எங்க ஏமாத்துனிய? அவங்களா வந்து ஏமாந்தா நாம என்ன செய்ய? இன்ஸ்பெக்டருக்கு என்ன வழி, அதச் சொல்லுங்க. அவரு திருநீறு பூசமாட்டாரு."

இன்ஸ்பெக்டர் வருவது கொடைக்கு மறுநாள் என்று தந்தி வந்திருந்தது.

மதியக் கொடை. உச்சி வெயில் பளீரென்று, நடுவில் ஒரு சாரல், மறுபடி வெயில். சல்லடத்தைக் கட்டும்போது சுந்தரபாண்டியன் வேண்டுமென்றே இறுக்கினார். மகுடம் மெதுவாகத் தொடங்கிற்று. சிவனணைந்தபெருமாளுக்கு ஆடத் தெரியும், சின்ன வயதிலிருந்து பார்த்தது. தரையைப் பார்த்தே ஆடிவிட்டு, இரண்டு வார்த்தை உளறிவிட்டு, உட்கார்ந்துவிடலாம் என்பது அவர் திட்டம். தலையை மட்டும் ஆட்டக் கூடாது. ஆனால் மகுடம் திட்டத்தைக் கேட்டா அடிக்கிறது? அடி ஏற ஏறக் கால் தானாகத் தூக்கிற்று. மணிகள் அலறின. வல்லயத்தை ஓங்கிக்கொண்டு பீடத்தைப் பார்த்துப் போனார். யாரோ குடத்து மஞ்சள்நீரைத் தலையில் கொட்டினார்கள். குளிர்ச்சி தாங்காமல் முகத்தை வலப்பக்கம் வெட்டிப் பின்னுக்கு எறிந்தார். ஈரத்தில் கால் வழுக்கிற்று.

பீடத்தின் அடிப்படிமேல் முதுகு விழுந்தது. தலை படிக்கு வெளியே தொங்கிற்று, முகம் வலது பக்கமாக. அவர் வாழ்நாளில் கண்டிராத சுற்று அப்போது வந்தது. பீடம், பந்தல், சூரியன், குலவையிடுகிற வாய்கள், எல்லாம் ஒரே நாராகத் திரிந்து ஓடின. எழுந்திருக்க முடியவில்லை. கத்தினார், அதுவும் சாமியின் கத்தலாகவே கேட்டது. அதிலிருந்து தப்பி ஓடுகிறவர் போல மெல்லத் தலையை இடது பக்கம் திருப்பினார். இன்னொரு சுற்று. அது அடங்கும்முன் உடம்பையும் இடது தோளின்மேல் புரட்டி, முகத்தைச் சாம்பலும் ஈரமண்ணுமாகக் கிடந்த தரையில் புதைத்துக்கொண்டார். அப்படியே கிடந்தார். சாமி படுத்திருக்கிறது என்று ஒருவரும் தொடவில்லை. மகுடம் ஒரு முழு அடி அடித்து ஓய்ந்தது. பிறகுதான் இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்து இடது பக்கமாகவே தூக்கி உட்காரவைத்தார்கள்.

எல்லாம் நின்றிருந்தன. பீடம் பீடமாக இருந்தது.

சுந்தரபாண்டியன் கைகட்டி முன்னால் நின்றார். ஆட்டத்தைப் பார்த்து அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டிருந்தது. "மாடா, கோர்ட்டுல கெடக்குற என் தோப்பு வழக்கு என்னாவும்? ஒரு வாக்கு சொல்லணும்."

சிவனணைந்தபெருமாள் அவரைப் பார்த்தார். பந்தல் காலைப் பார்த்தார். தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினார். இன்னும் கொஞ்சம். "எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணன்" என்றார் மெதுவாக.

கூட்டம் அசந்துபோனது. தெரியாது என்று சொல்லுகிற சாமியை அவர்கள் பார்த்ததில்லை. "சத்தியவாக்கு" என்று கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்தார். லாம்பு ரூமில் திரி, சிமினி, எண்ணெய் அளவு எல்லாம் பார்த்தார். கைகாட்டிவரை கூடவே நடந்தார். ஏணியடியில் ஏசுதாசன் நின்று, உதடு மட்டும் அசைய ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தான். சிவனணைந்தபெருமாள் ஏறினார். காலையில் கட்டிலில் ஒன்றும் ஓடவில்லைதான். அதை அவர் நம்பவில்லை. ஒவ்வொரு படியிலும் அது எங்கே இருக்கிறது, எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிக்கொண்டே ஏறினார். உச்சியில் காற்று வேட்டியைப் பிடித்து இழுத்தது. கையை உயர்த்தினார், தலையைச் சாய்த்தார், வலப்பக்கம் திரும்பினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

மலை வரவில்லை. மேகம் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. விளக்கை மாட்டினார். வேண்டுமென்றே இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தார். நாலு மாதமாகப் பார்க்காத வானம்.

கீழே இன்ஸ்பெக்டர் அவரைப் பார்க்கவே இல்லை. இந்த ஊரில் நல்ல காப்பி எங்கே கிடைக்கும் என்று டேசன் மாஸ்டரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

வேலை நிலைத்தது. ஆனால் மனுஷர் மனசு நிலைக்கவில்லை. யாருக்கு நன்றி சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. முத்துவடிவு மாடனுக்குக் கிடாய் நேர்ந்தாள். ஏசுதாசன் தன் ஜெபம் என்றான். தானாகவும் போகும் என்று சொன்ன டாக்டர் ரங்கூனுக்குக் கப்பலேறிவிட்டார். காதைப் பற்றி மேலே கேட்க வேறு ஆள் இல்லை. சல்லடத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஊரார் வாங்க மறுத்துவிட்டார்கள். வருஷா வருஷம் ஆடினார். குறி கேட்டால் தெரியாது என்பார், அதற்காகவே வெளியூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். யுத்த காலத்தில் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தபோதும் அவர் கைகாட்டியில் விளக்கு அணைந்ததில்லை. ஓய்வு பெற்ற மறுவருஷம் காய்ச்சலில் இறந்துபோனார். மாடன் தொட்டுக் குணமான ஆள் என்று இலஞ்சியில் இன்றைக்கும் சொல்லுகிறார்கள்.

அவர் இறந்த பிறகுதான் ஏசுதாசன் மற்றதைச் சொன்னான். கிறுகிறுப்பு இரண்டு தடவை திரும்பி வந்ததாம், இரண்டும் ஐப்பசி அடைமழையில். ஏசுதாசனைத் தவிர யாரிடமும் சொல்லாமல் அவர் லாம்பு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஏசுதாசன் வெளியே காவல் நின்று, அண்ணாச்சி உள்ளே திரி நறுக்குதாவ என்று வருகிறவர்களிடம் சொல்வான். உள்ளே மகுடமும் இல்லை, திருநீறும் இல்லை. கொடையன்று பீடத்துப் படியில் கிடந்த மாதிரியே மண்ணெண்ணெய்ப் பெட்டியின் மேல் மல்லாந்து, தலையை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, முகத்தை வலது பக்கம் திருப்பி, சுற்று ஓய்கிற வரைக்கும் கிடப்பார். பிறகு தலையை இடது பக்கம் திருப்புவார், புரண்டு முகத்தைத் தரையைப் பார்க்க வைத்துக்கொள்வார், இடது பக்கமாகவே எழுந்து உட்காருவார். ஒரு தடவை போதாவிட்டால் மறுநாளும் செய்வார். அப்புறம் வேட்டியைத் தட்டிக்கொண்டு, விளக்கை எடுத்துக்கொண்டு, கைகாட்டிக்கு நடப்பாராம்.